ஏரிக்கரைப் புதர்க்காட்டில் வண்ணத்துப்பூச்சிகளைக் காப்பாற்ற: புதிதாக இறங்குபவர்களுக்கு

சென்னையின் தென் புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையை ஒட்டி சுமார் நான்கு ஏக்கர் புதர்க்காடு. இயற்கைப் பூங்கா என்று பலகை வைத்து, கம்பிவேலி போட்டு, நடைபாதை அமைத்திருக்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதக் காலையில் உள்ளே போனபோது, தரையில் படர்ந்திருந்த ஆடுதீண்டாப்பாளை முழுவதும் வழித்தெடுக்கப்பட்டு ஓரத்தில் குவிந்து கிடந்தது. முந்தைய நாள்தான் அந்தக் கொடிகளில் இருபத்திரண்டு புழுக்களை எண்ணி வைத்திருந்தேன். இயந்திரம் ஓட்டிய அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை. களையெடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். அது களையில்லை என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தத் தாளை உருவாக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. நீங்கள் இதைப் படித்துவிட்டு இறங்கினால் ஆறு மாதத்தில் முடிக்கலாம். வண்ணத்துப்பூச்சி என்றதும் பூச்செடி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பூ எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். முட்டையிடவும் புழு தின்னவும் வேண்டிய செடி ஒவ்வோர் இனத்துக்கும் குறிப்பிட்ட சிலதான், அவற்றில் பல நாம் களை என்று பிடுங்குகிற செடிகள்.

1. நிலம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

எங்கள் மனு முதலில் போன அலுவலகத்தில் நான்கு மாதம் கிடந்தது. பிறகு "இது எங்கள் எல்லை இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. கம்பிவேலி போட்டது ஒரு துறை, நிலம் இன்னொரு துறையுடையது, பராமரிப்பு ஒப்பந்தம் மூன்றாவது கையில். நகரத்து ஏரிகளில் இது சாதாரணம்.

அதனால் முதல் வேலை புல எண் (சர்வே நம்பர்). கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்வார். அதை வைத்துக்கொண்டு தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில், நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் பாருங்கள், காசில்லை. நகர அளவை முடிந்த இடமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேடு. அதில் ஏரிப் புறம்போக்கு என்று வந்தால் பெரும்பாலும் நீர்வளத்துறை, சின்னக் குளம் என்றால் உள்ளாட்சி. மனைப்பிரிவு போட்டபோது பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட ஓ.எஸ்.ஆர். நிலம் என்றால் மாநகராட்சியோ நகராட்சியோதான். காப்புக்காடு என்று வந்தால் வனத்துறை.

ஆன்லைனில் தெளிவாக இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "இந்தப் புல எண்ணின் உரிமை யாருக்கு, தற்போதைய பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், ஒப்பந்தம் முடியும் தேதி" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகல்தான் முக்கியம். வருடத்தில் எத்தனை முறை புல் வெட்ட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. கிண்டி மாதிரி தேசியப் பூங்காவிலோ சரணாலயத்திலோ கணக்கெடுக்க நினைத்தால் விஷயம் வேறு. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆய்வுக்கோ படமெடுக்கவோ உள்ளே போகத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அங்கே ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. நன்மங்கலம் போன்ற காப்புக்காட்டிலும் வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் கூட்டமாக நுழையாதீர்கள்.

2. பூச்சிக்கு முன் செடியைக் கணக்கெடுங்கள்

நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம். ஆறு மாதம் வண்ணத்துப்பூச்சிப் படமாக எடுத்துத் தள்ளினோம். அழகான படங்கள்தான், ஆனால் அலுவலகத்தில் காட்டியபோது "நல்லா இருக்கே" என்பதற்கு மேல் எதுவும் நகரவில்லை. செடிப் பட்டியலும் அது இருக்கும் இடத்தின் வரைபடமும் கொண்டு போன நாளில்தான் பேச்சு வேலைக்கு வந்தது.

இடத்தைப் பத்துப் பதினைந்து துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு காலையில் ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு செடிக்கும் இலையின் முன்பக்கம், பின்பக்கம், தண்டு, பூ, காய் என்று ஐந்து படம். ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலும் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். செயலி தானாகக் காட்டும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம், எங்கள் இடத்து விழுதிச் செடிக்கு அது முதலில் காட்டியது வேறு கண்டத்துச் செடி. பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் துறை இருந்தால் ஒரு பேராசிரியரை ஒருநாள் அழைத்து வாருங்கள். ஒரே நடையில் நாற்பது பெயர் தெளிவாகிவிடும்.

சென்னைப் பக்கத்துப் புதர்க்காட்டில் கட்டாயம் தேட வேண்டிய செடிகளும் அவற்றில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகளும் இவை. எருக்கு இருந்தால் வெந்தய வரியன் இருக்கும். அதன் புழு இலையின் நடு நரம்பை முதலில் கடித்துப் பால் வடியவிட்டு, அப்புறம்தான் தின்னத் தொடங்கும். எருக்கிலையில் நரம்பு அறுந்து முனை தொங்கினால் திருப்பிப் பாருங்கள். ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் கிரிம்சன் ரோஸ் என்கிற சிவப்புடல் அழகிக்கு. விழுதி இருந்தால் கிரிம்சன் டிப், ஆதொண்டை இருந்தால் பயனியர். கொடிவேலியில் ஸீப்ரா புளூ. ஓரிதழ்தாமரையில் டானி கோஸ்டர். நீர்முள்ளியில் பீகாக் பான்சி. தரையோடு கிடக்கும் பருப்புக்கீரையில் டனாய்ட் எக்ஃப்ளை. ஆமணக்கில் காமன் காஸ்டர். சரக்கொன்றையில் காமன் எமிகிரண்ட். நெட்டிலிங்கத்தில் டெய்ல்டு ஜே.

புல்லுருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்துக்குக் கெடுதல் என்று ஆள் வைத்து வெட்டுவார்கள். ஆனால் காமன் ஜெசிபெல், அதுதான் பின்இறக்கையில் மஞ்சளும் ஓரமெல்லாம் சிவப்பும் போட்டுக்கொண்டு உயரத்தில் பறக்குமே, அது முட்டையிடுவது புல்லுருவியில்தான். மரம் வாடாத அளவுக்கு இரண்டு மூன்று கொத்து விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

3. வண்ணத்துப்பூச்சிக் கணக்கு

முறை எளிது. ஒரே பாதை, ஒரே வேகம், ஒரே நேரம். முந்நூறு நானூறு மீட்டரில் ஒரு பாதையைத் தேர்ந்து, இடதும் வலதும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணுங்கள். வெளியே எவ்வளவு அழகாக என்ன பறந்தாலும் கணக்கில் சேராது, தனியாகக் குறித்துக்கொள்ளலாம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் முடியுங்கள். மேகமூட்டத்திலும் ஆடிக் காற்றிலும் எடுத்த எண்ணிக்கையை மற்ற நாளோடு ஒப்பிட முடியாது. மாதம் இருமுறை போதும், ஆனால் விடாமல் செய்ய வேண்டும்.

முதல் மாதம் எல்லோரும் தவறும் இடம் இரண்டு. காமன் மார்மன் பெண்ணின் ஒரு வகை அப்படியே சிவப்புடல் அழகி மாதிரி இருக்கும், இறக்கையைப் பார்த்தால் ஏமாந்து போவோம். உடம்பைப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் அழகி, கறுப்பாக இருந்தால் மார்மன். அதேபோல டனாய்ட் எக்ஃப்ளை பெண் வெந்தய வரியன் வேஷத்தில் வரும். வரியனுக்குக் கறுப்பு மார்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், எக்ஃப்ளைக்கு இருக்காது.

வலை வேண்டாம். பிடித்துப் பார்க்கவோ ஊசியில் குத்தி வைக்கவோ வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள இனங்களைப் பிடித்தால் வழக்கு. எதைப் பிடிக்கலாம் எதைப் பிடிக்கக் கூடாது என்று களத்தில் நின்று யோசிப்பதைவிட எதையும் தொடாமலிருப்பது நல்லது. செப்டம்பரில் நாடு முழுவதும் வண்ணத்துப்பூச்சி மாதம் நடக்கும், அப்போது உங்கள் பதிவுகளையும் ஏற்றினால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள்.

காலில் கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் கட்டாயம். புதர்க்காட்டில் கண்ணாடி விரியன் உண்டு, நாம் பார்ப்பதோ இலையை.

4. மனு எழுதும்போது "வண்ணத்துப்பூச்சிப் பூங்கா" என்று கேட்காதீர்கள்

எல்லாவற்றிலும் பெரிய பொறி இது. நாங்கள் அப்படித்தான் முதலில் கேட்டோம். அவர்கள் நல்ல மனதோடு ஒரு மதிப்பீடு தயாரித்தார்கள்: பேவர் பிளாக் பாதை, நீரூற்று, சிமெண்டில் பெரிய வண்ணத்துப்பூச்சி, விளக்குகள், இரண்டாயிரம் அலங்காரச் செடிகள். அதை நிறுத்த இன்னொரு மனு போட வேண்டியிருந்தது.

கேட்க வேண்டியவை நான்குதான். வரைபடத்தில் குறித்த இன்ன இன்ன துண்டுகளில் செடி வெட்டக் கூடாது. நடைபாதையிலிருந்து ஒரு மீட்டர் வரை மட்டும் புல் வெட்டலாம். சருகைப் பெருக்கி எரிக்கக் கூடாது, ஏனென்றால் கூட்டுப்புழுக்கள் பல அதற்குள்தான் இருக்கின்றன. அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இணைப்புகள்: அ-பதிவேட்டு நகல், செடிப் பட்டியல், துண்டு எண் போட்ட வரைபடம், மூன்று மாத எண்ணிக்கை, ஆறு படத்துக்கு மேல் இல்லாத ஒரு தாள், குடியிருப்போர் சங்கத்தின் கடிதம், நடைபயிற்சிக்கு வருபவர்களின் கையெழுத்து. இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். எங்கள் மனு ஒன்று தொலைந்தபோது கொடுத்ததற்கு ஒரு சாட்சியும் இல்லாமல் மறுபடி வரிசையில் நின்றோம்.

இன்னொரு நகல் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு. 2002-ம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை அது வைத்திருக்க வேண்டும். உங்கள் பட்டியல் அதில் ஏறிவிட்டால் பின்னால் யார் வந்து ஏரிக்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்றாலும் காட்ட ஓர் அரசு ஆவணம் இருக்கும்.

5. எதை எடுப்பது, எதை விடுவது

சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் (லேண்டானா) எடுக்க வேண்டியவைதான். அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசே 2022-ல் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் எடுக்கும் விதம் முக்கியம்.

ஜே.சி.பி. வேண்டவே வேண்டாம். சீமைக்கருவேலத்தோடு சேர்த்து விழுதியையும் ஆதொண்டையையும் புரட்டிப் போட்டுவிடும், புரண்ட மண்ணில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது மறுபடி சீமைக்கருவேலமே. ஆள் வைத்து வேரோடு தோண்டுங்கள். மேலோடு வெட்டினால் நான்கு மடங்காகத் துளிர்க்கும். மரம் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது எதுவாக இருந்தாலும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அரசு நிலத்தில் மரம் வெட்டுவது மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதிக்கு உட்பட்டது. துறை மூலமாகவே போங்கள்.

உண்ணிச்செடியை ஒரே வருடத்தில் மொத்தமாக எடுத்த இடங்களில் அந்தப் பருவம் முழுக்க வண்ணத்துப்பூச்சி குறைந்துவிடுகிறது, தேனுக்கு வேறு பூ இல்லாமல். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடுங்கள். எடுத்த இடத்தில் நொச்சி, வெட்சி, கொடிவேலி, தும்பை என்று உள்ளூர்த் தேன் செடிகள் பிடித்த பிறகு அடுத்த பங்கு. வெட்டுக்காயப் பூண்டும் வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் சின்னச் சின்னப் பூச்சிகள் அதை நம்பி இருக்கின்றன, அதன்மேல் இப்போதைக்குச் சக்தியைச் செலவழிக்காதீர்கள்.

தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் காய்ந்து போனாலும் பிடுங்காதீர்கள். மழைக்காலத்தில் நீல வரியன்கள் கூட்டமாக வரும்போது ஆண் பூச்சிகள் காய்ந்த அந்தத் தண்டுகளில்தான் நாள் முழுக்க அப்பிக் கிடக்கும். இணை சேர்வதற்கு வேண்டிய ஒரு வேதிப்பொருளை அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

6. நடுவது

வெட்டாமல் விட்டதாலேயே எங்கள் இடத்தில் பாதி வேலை தானாக நடந்தது. அதற்கு மேல் குறைவதை மட்டும் நட்டோம்.

ஈஸ்வரமூலியை ஒன்றிரண்டு நட்டால் பிரயோசனமில்லை. ஏன் என்று ஒரு நாள் நேரிலேயே பார்த்தேன். ஒரு பெண் சிவப்புடல் அழகி கொடியருகில் வந்து, உட்காராமல் இறக்கையை அடித்துக்கொண்டே, முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த வேறு கொடிகளையும் தட்டியது, விட்டுவிட்டது. சரியான இலை வந்ததும் வயிற்றை வளைத்து அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன முத்துகளாக வைத்துவிட்டுப் போனது. இரண்டு வாரத்தில் அந்தக் கொடியில் இலை ஒன்றுகூட இல்லை, தண்டின் பச்சைத் தோலையும் சுரண்டிவிட்டிருந்தன, மூன்று புழுக்கள் தரையில் அலைந்துகொண்டிருந்தன. குறைந்தது பதினைந்து கொடியாவது ஒரே இடத்தில் வேண்டும். விதை அதன் காயிலேயே கிடைக்கும், தலைகீழ்க் குடை மாதிரி வெடித்துத் தொங்கும். முளைக்கப் பல வாரம் ஆகும், செத்துவிட்டது என்று பையைக் கொட்டிவிடாதீர்கள்.

நர்சரியில் வாங்குவதில் இரண்டு பொறி. ஒன்று, அலங்காரத்துக்கு விற்கும் பெரிய பூ வைக்கும் வெளிநாட்டு அரிஸ்டோலோக்கியா, ஈஸ்வரமூலியின் உறவுக் கொடி. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய இனம் அந்த வகைக் கொடியில் ஏமாந்து முட்டையிட்டு, புழுக்கள் விஷத்தில் சாவது அங்கே பெரும் பிரச்சினை. நம் ஊர்க் கொடி இருக்கும்போது அது எதற்கு? இரண்டாவது, பூச்சிமருந்து. செடிக்குள் ஊடுருவும் மருந்து அடித்த கறிவேப்பிலைக் கன்று பார்க்கப் பளபளவென்று இருக்கும், தின்கிற புழு செத்துவிடும். மருந்து அடிக்காதவரிடம் வாங்குங்கள், இல்லையென்றால் விதை போட்டு நீங்களே வளருங்கள்.

நடும் காலம் புரட்டாசி. மழை தொடங்கும்முன் வேர் பிடித்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை பார்த்துக்கொள்ளும். சித்திரையில் மரம் நடும் விழா வைத்து நட்ட கன்றுகள் எங்கள் இடத்தில் பெரும்பாலும் கருகின. நிழல் மரமாக நெருக்கி நடுவதும் வேண்டாம், புதர்க்காட்டுச் செடிக்கு வெயில் வேண்டும்.

7. கொசுப்புகை

மழைக்காலத்தில் டெங்கு பயத்தில் புகை அடிப்பார்கள். அதை நிறுத்தச் சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது. சுகாதார ஆய்வாளரைப் பார்த்து, தெருப் பக்கம் அடியுங்கள், உள்ளே வேண்டாம், உள்ளே தேங்கும் நீரை நாங்களே வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுகிறோம் என்று பேசினோம். ஒப்புக்கொண்டார். நாங்களும் வாரம் தவறாமல் தேங்காய் ஓடு, கப் எல்லாம் பொறுக்குகிறோம்.

8. செலவு

முதல் வருடத்தில் எங்களுக்கு ஆனது ஏறக்குறைய 19,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் தோண்டிய கூலி. அறிவிப்புப் பலகை இரண்டுக்கு 3,000, மீதி விதைப்பை, மண், கன்று, நகல் செலவு. வனத்துறை நாற்றங்காலில் மரக்கன்று மலிவாகக் கிடைக்கும், கொடியும் குறுஞ்செடியும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். பைனாகுலர் வாங்குவதானால் இரண்டு மீட்டருக்குள் தெளிவாகக் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள், பறவைக்கு வாங்கும் பல மாடல்கள் காட்டாது. ஃபோன் கேமராவும் பத்து மடங்கு லென்ஸும் இருந்தாலே முதல் வருடம் ஓடிவிடும். கேமராவுக்கு அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம், அந்தக் காசைக் கூலிக்கு வையுங்கள்.

பலகையில் "வெட்டாதீர்" என்று மட்டும் எழுதினால் யாரும் மதிப்பதில்லை. செடியின் பெயர், எந்தப் பூச்சியின் புழு தின்னும், அந்தப் புழுவின் படம். எங்கள் இடத்தில் பெருக்க வரும் அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வேற இடத்துலயும் இருக்கு" என்று எங்களுக்கே தெரியாத ஓர் ஓரிதழ்தாமரைத் திட்டைக் காட்டினார்.

9. ஒப்பந்தம் மாறும் மாதத்தைக் குறித்து வையுங்கள்

பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து புது ஆள் வரும்போது பழைய பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. உதவிப் பொறியாளரும் மாறியிருப்பார். எங்களுக்கு இரண்டாம் வருடம் அப்படித்தான் மூன்றாம் துண்டு முழுக்கப் போனது, அனுமதிக் கடிதம் கையில் இருந்தும். இப்போது ஒப்பந்தம் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வரைபடத்தையும் கடித நகலையும் எடுத்துக்கொண்டு போய் அதிகாரியைப் பார்த்துவிடுகிறோம். புதிய ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரை முதல் நாளே உள்ளே அழைத்துப் போய், வெட்டக் கூடாத துண்டுகளின் எல்லையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கற்களைக் காட்டுகிறோம். இயந்திரம் ஓட்டுபவர் அன்று வரவில்லையென்றால் மறுநாள் அவருக்காகவே ஒருமுறை போகிறோம்.